கோழிக்கும் முட்டைக்கும் நடுவே ஒரு மூச்சு: தாய்லாந்து மொழி பேசக் கற்ற அனுபவம்

பாங்காக்கில் பணிக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், அலுவலகத்துக்குப் பின்புறச் சந்தில் தள்ளுவண்டி வைத்திருந்த ஓர் அம்மாவிடம் முட்டை போட்ட வறுத்த சோறு கேட்டு, மூன்று நாட்கள் தொடர்ந்து கோழி போட்ட சோற்றையே பெற்றேன். அந்த மொழியில் கோழிக்குப் பெயர் ‘கை’; முட்டையும் என் காதுக்குக் ‘கை’யாகத்தான் கேட்டது. சொல்லின் பொருளையே மாற்றக்கூடிய குரல் ஏற்றத்தாழ்வைத் தொனி என்பார்கள்; இரண்டுக்கும் ஒரே தாழ்ந்த தொனி; முட்டையைச் சொல்லும்போது மட்டும் ககரத்தோடு மூச்சுக்காற்றும் சேர்ந்து வெளிவர வேண்டும். நான்காம் நாள் அவர் இரு முழங்கைகளையும் மடக்கிச் சிறகடித்துக் காட்டிவிட்டு, மறு கணம் ஒரு முட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்து, எது வேண்டும் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். நான் முட்டையைச் சுட்டிக்காட்டி அன்றைய பசியாறினேன். (‘தாய் மொழி’ என்று எழுதினால் நமக்கு வேறு பொருள் வந்துவிடும் என்பதால், இங்கே தாய்லாந்து மொழி என்றே குறிப்பிடுகிறேன்.)

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் இம்மொழியில் பணிசெய்யும் அளவுக்குத் தேற 44 வாரங்களில் 1100 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கைக் கண்டு நாம் அஞ்சவும் வேண்டாம், அப்படியே நமக்குப் பொருத்தவும் வேண்டாம். ஆங்கிலம் பேசுவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடநூல்கள் கடினம் என்று சொல்லும் சில இடங்கள் நமக்கு எளியவை. அவை ஒரு வரியில் கடந்துபோகும் இடங்களில்தான் நாம் இடறுகிறோம்.

‘போ’ என்பதற்கான ‘பை’ என்ற சொல்லில் வரும் பகரம், நம் ‘பல்’லில் வரும் அதே மூச்சற்ற பகரம். அதை ஒலிக்க ஆங்கிலேயர் பெரும்பாடு படுவார்கள். நமக்கோ அது பிறவியிலேயே வாய்த்தது. மூச்சோடு ஒலிக்கும் க, த, ப, ச ஆகியவைதான் நமக்குச் சிக்கல். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு, கோழிக்கு அது அசையாமலும் முட்டைக்கு அசைந்தும் வரும்வரை நாள்தோறும் பத்து நிமிடம் சொல்லிப் பழகினேன். ஏறத்தாழ மூன்று வாரத்தில் நாக்கு வழிக்கு வந்தது. ‘வேலை’ என்ற பொருளுடைய ‘ஙான்’ போல ஙகரத்தில் தொடங்கும் சொற்களுக்கு, ‘இங்ஙனம்’ என்பதை மெல்லச் சொல்லி, முன்பாதியை மனத்துக்குள் விழுங்கிவிட்டால் போதும்.

நம் குற்றியலுகரம் இங்கே வரமாகவும் சாபமாகவும் அமைகிறது. ‘காடு’ என்பதன் ஈற்றில் இதழ் குவியாமல் ஒலிக்கும் உகரத்தைச் சற்று நீட்டினால், கை, பெயர், வாங்குதல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களின் உயிரொலி ஏறக்குறைய கிடைத்துவிடும். ஆனால் வல்லெழுத்தில் முடியும் சொல் எதுவானாலும் அதே உகரத்தை நம் நாக்கு ஒட்டவைத்துவிடுகிறது. ‘மிகவும்’ என்பதற்கான ‘மாக்’ நம் வாயில் ‘மாக்கு’ ஆகிறது. ஆண்கள் பணிவுக்காகச் சேர்க்கும் ‘க்ரப்’, ‘க்ரப்பு’ ஆகிறது. ஈற்றில் இதழை மூடியபின் திறக்கவே கூடாது என்று ஆசிரியை சொன்ன நாளில்தான் எனக்கு இது விளங்கியது.

தொனிகள் ஐந்து: சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம். அவற்றின் பெயர்களான சாமன், ஏக், தோ, த்ரீ, சத்தவா ஆகியவற்றில் வடமொழி எண்ணுப்பெயர்கள் ஒளிந்திருப்பதால் மனப்பாடம் எளிது. சமத் தொனியில் ‘க்லை’ என்றால் தொலைவு. இறக்கத் தொனியில் அதுவே அருகு. தொனியைத் தனிச் சொல்லில் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. வாக்கியத்துக்குள் நுழைந்ததும் நம் பழக்கம் குறுக்கே வருவதே தொல்லை. ஐயத்தோடு கேட்கும்போது நாம் கடைசிச் சொல்லின் குரலை உயர்த்துவோம். அங்கே குரல் உயர்ந்தால் சொல்லே மாறிவிடும். வினாவுக்கென்று தனி இடைச்சொல் இருக்கிறது, கேள்வியை அதனிடம் விட்டுவிட வேண்டும்.

வடமொழிச் சொற்கள் தரும் துணிச்சலையும் நம்ப வேண்டாம். வாடகை வண்டியில் ஏறிச் ‘சுவர்ணபூமி’ என்று விமான நிலையத்தின் பெயரைத் தெளிவாகச் சொன்னேன், ஓட்டுநர் விழித்தார். அவருக்கு அது ‘சுவன்னபூம்’. சொல்லின் ஈற்றில் வரும் ர, ல ஆகியவை னகரமாகும், சகரம் தகரமாகும் என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால், ஆகாரம் ‘ஆஹான்’ ஆனதும் பிரதேசம் ‘ப்ரதேத்’ ஆனதும் புரிந்துவிடும்.

நான் செய்த பெரிய பிழை, முதல் நான்கு மாதம் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்ததுதான். தொனியும் மூச்சும் இல்லாத அந்தக் குறிப்பேடு பிறகு எதற்கும் பயன்படவில்லை. பேச மட்டுமே விரும்புவோரும் முதல் மாதத்திலேயே எழுத்தைக் கற்றுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெய்யெழுத்துகள் 44, அவை 9, 11, 24 என மூன்று வகுப்புகளாகப் பிரிகின்றன. எழுத்தின் வகுப்பு, உயிரின் நீளம், ஈற்றொலி, தொனிக்குறி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே தொனியை முடிவுசெய்கிறோம். சொற்களுக்கிடையே இடைவெளி விடாத வழக்கம் முதலில் மலைப்பூட்டும். நம் ஓலைச்சுவடிகளும் அப்படித்தான் இருந்தன. கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த வரிவடிவம் இது என்று அறிந்தபின், எனக்கு அதன்மேல் சற்று உறவுரிமையும் வந்துவிட்டது.

முன்னிலைச் சொற்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். மூத்தவரைப் ‘பீ’ என்றும் இளையவரை ‘நோங்’ என்றும் அழைக்கும் மரபு, முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா என்று அழைத்து வளர்ந்த நமக்கு ஒரே நாளில் பழகிவிடும்.

தொலைபேசி உரையாடல்தான் இன்றும் எனக்கு அச்சம் தருகிறது. முகமும் கையசைவும் தெரியாத நிலையில் இரண்டுக்கான ‘சோங்’, மூன்றுக்கான ‘சாம்’ ஆகிய இரண்டும் ஒரே ஏற்றத் தொனியில் வந்து குழப்பும். அந்நாட்டவருக்கும் இந்தக் குழப்பம் உண்டு போலும். தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது இரண்டைத் ‘தோ’ என்றே சொல்கிறார்கள். நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.