பிளஸ் ஒன் பிசிக்ஸ் ஏன் இப்படி உதைக்கிறது?

பத்தாம் வகுப்பில் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளை பிளஸ் ஒன்னில் முதல் தேர்விலேயே பிசிக்ஸில் சறுக்கினால், வீட்டில் உடனே போனைத்தான் குற்றவாளி ஆக்குவார்கள். நம் மாநிலப் பாடப்புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பிசிக்ஸில் இரண்டாவது பாடம் இயக்கவியல். அதிலேயே வெக்டர் (அளவோடு திசையும் உள்ளது), வகைக்கெழு (ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காண்பது), தொகையிடல் (அதைத் தலைகீழாகச் செய்வது) எல்லாம் வந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் இவை இருப்பதோ இரண்டாம் தொகுதியில்! பிள்ளை என்ன செய்யும், பாவம்.

அக்கா மகளுக்கு நான் முதலில் பிசிக்ஸே எடுக்கவில்லை. t என்பது நேரம்; t³-க்கு வகைக்கெழு கண்டால், அதாவது t³-ஐ வகையிட்டால் 3t², இன்னொரு முறை வகையிட்டால் 6t. இதை மட்டும் பழக்கினேன். அப்புறம், t³ இடப்பெயர்ச்சி என்றால் 3t² திசைவேகம், 6t முடுக்கம் என்றதும், "அவ்வளவுதானா மாமா?" என்றாள். அவ்வளவேதான்.

இன்னொன்று, எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்துப் புரிந்துவிட்டால் போட வந்துவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் போடச் சொல்லுங்கள், எங்கே திணறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது புதுப் பாடமாக இருக்காது. பின்னம், குறி மாற்றம், பழைய எட்டாம் வகுப்புச் சமாச்சாரம்.

அடுத்த ஆண்டு வரும் பிளஸ் டூ பிசிக்ஸ் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அதில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். அவற்றை மட்டுமே உருப்போட்டுக் கரை சேரலாம் என்று டியூஷனில் சொன்னால், தயவுசெய்து டியூஷனை மாற்றுங்கள்.