கழற்றிப் பார்த்திருக்க வேண்டுமா?

"மாஸ்ட் பிடிப்பைக் கழட்டாம விட்டிருந்தா இந்த சீசன் ஓடியிருக்குமே சார்?" என்று அந்தப் பாய்மரப் படகின் உரிமையாளர் கேட்டார். "ஓடியிருக்கலாம்" என்றேன். அந்தப் பதிலுக்காகவே அவர் என்னை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அலுமினிய மாஸ்டில், அதாவது பாயைத் தாங்கும் நெடுங்கம்பத்தில், பூம் எனும் கிடைக்கம்பத்தைத் தாங்கும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பிடிப்பின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் ஈரமான வெள்ளைப் பொடி உதிர்ந்தது. உப்புநீரில் இவ்விரு உலோகங்களும் ஒட்டியிருந்தால் கரைவது அலுமினியம்தான். மாஸ்டின் பரப்பு பெரிது, ஸ்குரூவின் பரப்பு சிறிது, ஆகவே அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும் என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் உப்புநீர் தேங்கும் இடுக்கில், இரண்டும் தொடும் விளிம்பிலேயே அரிப்பு குவிவதால், அந்த ஆறுதலை நான் முழுதாக நம்புவதில்லை.

ஸ்குரூக்கள் அலுமினியத்தோடு இறுகிப்போயிருந்தன. சூடு காட்டியும் அசையாததால் டிரில் போட்டே எடுத்தோம், துளைகள் அகன்றன. பிடிப்பு வெளியே வந்தபோது அதன் மேல்பாதியில் மட்டும், இரு உலோகங்களும் தொடாமலிருக்க இடையில் வைக்கும் நைலான் ஷீட்டின் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அதன் அடியில் உலோகம் புதிதுபோல் இருந்தது, கீழ்ப்பாதியிலோ மாஸ்டின் சுவர் சில இடங்களில் பாதித் தடிப்புக்குத் தேய்ந்திருந்தது. 1761இல் அடிப்பாகத்தில் செம்புத் தகடு பொருத்தப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் அலார்மை 1763இல் சோதித்தபோதும் இதையேதான் கண்டார்கள்: இரும்பு ஆணிகள் பல அரித்துப்போயிருக்க, பழுப்புக் காகிதம் இடையே தங்கிய இடங்களில் ஆணிகள் பிழைத்திருந்தன. இத்தனை காலமாகத் தெரிந்த ஒன்றுக்கு ஒரு ஷீட்டை முழுதாக வைக்க யாருக்கும் நேரமில்லாமல் போனது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாஸ்டை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பாதிச் சுவரை நம்பி ஆட்களைக் கடலுக்கு அனுப்ப முடியாது என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பலவீனத்தில் எவ்வளவு அரிப்பால் வந்தது, எவ்வளவு எங்கள் டிரில்லால் வந்தது என்பதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது அந்த இடத்தில்தான். அதே சமயம், கழற்றாமல் அந்தத் தேய்மானத்தை யார் கண்டிருப்பார்கள்?

வெள்ளைப் பொடி தெரிந்தால் கழற்றிவிடு என்றுதான் யார்டில் இளைஞர்களுக்குச் சொல்லி வருகிறேன். சென்ற மாதம் வேறொரு படகில் அதே இடத்தில் சிறிய கொப்புளம் ஒன்றைக் கண்டேன். நன்னீரால் கழுவி, விளிம்பைப் பென்சிலால் குறித்து, புகைப்படம் எடுத்துவிட்டு, ஸ்குரூவைத் தொடாமல் இறங்கினேன். மழைக்காலத்துக்கு முன் அந்தக் குறியைக் கொப்புளம் தாண்டியிருந்தால் கழற்றுவதாக உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.