யாரும் செய்து தராத தென்னாட்டு வாள்: பட்டறைக் குறிப்புகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் வீட்டுக் கார் கொட்டகைதான் என் பட்டறை. நான் செய்துவரும் வாளின் இரண்டாவது அலகு, அதாவது வெட்டும் தகடு, ஒரு சனிக்கிழமை சுட்டுக் குளிர்வித்துப் பதம் ஏற்றி முடிந்து கைக்கு வந்தது. நேரான இரும்புச் சட்டத்தின் மேல் அதைக் கிடத்தி, கீழே விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் கசியவில்லை. முதல் அலகு பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

என்ன வாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விஜயநகரக் காலத்துக்குப் பின் தென்னாட்டில் புழங்கிய நேர் அலகு வாள். வடக்கே இதன் உறவுகளைக் ‘காண்டா’ என்பார்கள். ஐரோப்பிய அலகு பூட்டியிருந்தால் ‘ஃபிரங்கி’. நம் ‘பறங்கி’ அந்தச் சொல்லின் உடன்பிறப்புதான். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அலகுகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. நம் கொல்லர்கள் அவற்றுக்கு நம் பிடியைப் பூட்டினார்கள். அந்தப் பிடிதான் இந்த வாளின் உயிர். கையை மறைக்கும் அகன்ற தகடு, விரல்களைக் காக்கும் வளைந்த பட்டை, வட்டத் தட்டு போன்ற குமிழ், அந்தக் குமிழிலிருந்து நீளும் ஒரு முள். இரு கைகளாலும் ஓங்கி வெட்டும்போது இடக்கை அந்த முள்ளைப் பற்றிக்கொள்ளும்.

எனக்கு இந்த ஆசை வந்தது கோயிலில். எங்கள் பகுதிச் சிறு கோயிலில் மதுரை வீரன் ஏந்தியிருக்கும் வாள், சர்க்கரை ஆலையின் பழைய தகட்டில் வெட்டி வெள்ளிச் சாயம் பூசியது. 1860இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து இங்கே நங்கூரமிட்ட நாள் முதல் எங்கள் முன்னோர் கையில் இருந்தது கரும்பு வெட்டும் கத்தி. வாள் சாமி கையில் மட்டுமே இருந்தது. அது உண்மையில் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி சிறு வயதிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு சென்றபோது ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத் தூண்களின் அடியில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பாய்ந்தெழும் குதிரைகள், அவற்றின் கீழே வேங்கையைக் குத்தும் வீரர்கள், கல்லில் அத்தனை ஆயுதங்கள். பிறகு சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். 1855இல் தஞ்சை அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்தவற்றில் பெரும்பகுதி உடைபட்டு வெறும் இரும்பாகப் போயிற்று. தப்பிய சிலவற்றை எழும்பூரில் பார்க்கலாம். பாம்புப் படம் போல் கை மறைப்பு விரிந்த தஞ்சைக் கட்டாரிகளின் (குத்துவாள்களின்) முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊர் திரும்பியதும் இப்படி ஒன்றை விலைக்கு வாங்க முடியுமா என்று தேடினேன். ஜப்பானிய வாள் வேண்டுமா, நூறு வகை கிடைக்கும். வைக்கிங் வாள், சிலுவைப் போர் வாள், ரோமானியக் குறுவாள் எல்லாம் கிடைக்கும். அவற்றில் பல இந்தியாவிலேயே, டேராடூனில், செய்யப்பட்டு உலகெங்கும் போகின்றன. இந்தியக் கொல்லன் ஐரோப்பிய வாளை அவ்வளவு நன்றாகச் செய்கிறான். தென்னிந்திய வாளைச் செய்யச் சொல்லி அவனிடம் யாரும் கேட்பதில்லை. இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பழக்கமானவர்கள் ஏங்கும் வாள்கள் பல. ஒருவருக்குக் குடகு நாட்டின் ஆயுதக் கத்தி வேண்டும். உறையில்லாமல் முதுகுப்புறப் பித்தளைக் கொக்கியில் செருகிக்கொள்வார்களே, அது. இன்னொருவருக்குச் சிங்கமுகப் பிடி கொண்ட இலங்கைக் கஸ்தானே. எனக்கு இந்த நேர் வாள்.

ஒருமுறை ‘பழைய இந்திய வாள்’ என்று விற்ற ஒன்றை வாங்கியும் பார்த்தேன். எடை 1.74 கிலோ. பிடியருகே 5 மி.மீ. தடிப்பு, நுனியருகிலும் அதே 5 மி.மீ. கையில் எடுத்தால் கடப்பாரை. பிடிக்குள் ஒரு திருகாணிக் கம்பியைப் பற்றவைத்து, குமிழை நட்டுப் போல் முறுக்கியிருந்தார்கள். மேலே பூவேலை மட்டும் நிறைய.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஐரோப்பிய வாள்களை ஆய்வாளர்கள் அங்குலம் அங்குலமாக அளந்து, தடிப்பு எங்கே எவ்வளவு குறைகிறது, எடை எங்கே சமநிலை கொள்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆலைகள் அதைப் பார்த்துச் செய்கின்றன. நம் வாள்களைப் பற்றி நான் படித்தவற்றில் நீளமும் பூவேலையும் இருக்கும், தடிப்பு இருக்காது. படத்தைப் பார்த்து வாள் செய்தால் படம் போன்ற ஒன்றுதான் வரும்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரிடம் பழைய வாள் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய அலகு, மூன்று நீள் பள்ளங்கள், தென்னாட்டுப் பிடி. நுண்ணளவு காட்டும் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போனேன். பருத்திக் கையுறை போட்டு, 10 செ.மீ.க்கு ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ள அன்போடு அனுமதித்தார். பிடியருகே 5.1 மி.மீ., நடுவில் 3.4, நுனிக்கு 10 செ.மீ. முன்னால் 1.9. மொத்த எடை 1.08 கிலோ. அலகு 84 செ.மீ. அந்த வாளைத் தூக்கியபோது, நுனி தானாகவே முன்னே போக விரும்புவது போல் இருந்தது. மூன்று தடிப்பு எண்கள்தான், என் கையிலிருந்த 1.74 கிலோ இரும்புக்கும் அதற்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் அவற்றில் இருந்தது.

முதல் அலகை வில்பட்டை எஃகில் செய்தேன். ஈஎன்45 எனும் வகை. வண்டிகளின் வில்பட்டைக்குப் போவது. 6 மி.மீ. பட்டையாக வாங்கினேன். மூன்று பள்ளங்களும் என் கருவிகளுக்கு அடங்காது என்பதால் ஒரே அகன்ற பள்ளம் போதுமென்று முடிவு செய்தேன். தேய்த்து முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. என் ஆர்வத்தில் அதைக் கிட்டத்தட்ட இறுதித் தடிப்புக்கே கொண்டுவந்துவிட்டேன், விளிம்பு 0.8 மி.மீ. இருந்தது. இவ்வளவு நீளத்துக்கு உலை என்னிடம் இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் கத்தி செய்பவர் ஒருவரிடம் செங்குத்தான வாயு உலை இருந்தது. காந்தம் ஒட்டாமல் போகும் 770 டிகிரியைத் தாண்டி இன்னும் 100 டிகிரி ஏற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்கினோம். வெளியே எடுத்தால் பக்கவாட்டில் 11 மி.மீ. வளைவு, விளிம்பில் ஓலைபோல அலை.

அங்கே இன்னொரு தவறும் செய்தேன். பதம் தணிக்கும் முன்பே (மிதமாகச் சூடேற்றி முறியும் தன்மையைக் குறைப்பது அது), ஆறிப்போன அலகைப் பிடிகருவியில் வைத்து நிமிர்த்தப் பார்த்தேன். கண்ணாடி போல் முறிந்தது. துண்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். முறிந்த இடத்தில் எஃகின் மணிகள் சாம்பல் பட்டுப் போல் நுண்மையாக இருந்தன. எஃகில் குற்றமில்லை, என் அவசரத்தில்தான்.

என் மாமா சர்க்கரை ஆலையில் முப்பது ஆண்டு ஃபிட்டராக வேலை பார்த்தவர். துண்டுகளை வாங்கி விரலால் தடவியவர், “தம்பி, இந்தப் பக்கம் தேய்ந்த அளவு அந்தப் பக்கம் தேயவில்லை. இரும்பு எந்தப் பக்கம் இளைத்திருக்கிறதோ அந்தக் கணக்கில் இழுக்கும்” என்றார். வெர்னியர் வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இரண்டு பக்கத்துக்கும் 0.4 மி.மீ. வேறுபாடு. அவர் விரல் சொன்னது சரி.

இரண்டாவது அலகில் விளிம்பை 2 மி.மீ. விட்டு வைத்தேன். ஒரு பக்கம் பத்து இழுப்பு, திருப்பி மறுபக்கம் பத்து இழுப்பு. ஒவ்வொரு மாலையும் நடுக்கோடு கீறி மாமாவிடம் காட்டிய பிறகுதான் கருவியை அணைத்தேன். எண்ணெயில் இறக்கி எடுத்தபோது 3 மி.மீ. வளைவு இருந்தது. அதைத் தொடவில்லை. உடனே பதம் தணிக்க அடுப்பில் வைத்தோம். நடுவில் மின்சாரம் போய்விட்டது, ஆனால் பதம் தணித்தலை மறுபடி செய்வதால் கெடுதல் இல்லை. இரண்டாம் முறை வைக்கும்போது, தடித்த இரும்புச் சட்டத்தோடு அலகைக் கவ்வி, வளைவின் கீழ் சிறு தகடு செருகி, எதிர்ப்பக்கம் சற்றே மிகையாக வளைத்து வைத்தோம். ஆறியதும் நேராக வந்தது. பிறகு மீதித் தடிப்பைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, கை சுடாமல் தேய்த்து எடுத்தேன். வெறும் அலகு 570 கிராம்.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைக்கு வருபவை எல்லாம் தவறுவது இங்கேதான். பழைய வாளில் அலகின் வால் பிடிக்குள் நீண்டு போவதில்லை. பிடியிலிருந்து முன்னும் பின்னுமாக இரண்டு நீண்ட இரும்பு நாக்குகள் இறங்குகின்றன. அலகு அவற்றுக்கு நடுவே செருகப்பட்டு, ஊடே ஆணி அடித்துத் தறையப்படுகிறது. அலகு உடைந்தால் தறையாணிகளை எடுத்துவிட்டு வேறு அலகு பூட்டலாம். கப்பலில் வந்த அலகு நம் பிடியில் பொருந்தியதன் சூட்சுமமும் இதுதான். நான் 4 மி.மீ. இரும்பாணிகள் ஆறு போட்டேன். அடித்து முடித்ததும் அலகைத் தட்டினால் சலசலப்பு இல்லாமல் ஒரே ஓசை வந்தது.

அடுத்தது பிடியின் அளவு. முதலில் என் கைக்கு வசதியாக, தகட்டுக்கும் குமிழுக்கும் இடையில் 9.5 செ.மீ. விட்டு ஒரு மர மாதிரி செய்தேன். கை உள்ளே ஆடியது. வீச்சு நின்ற பிறகும் வாள் நகர்ந்தது. மருத்துவரின் வாளில் அந்த இடைவெளி 7.4 செ.மீ.தான். அதே அளவுக்குச் செய்தபோது நான்கு விரல்களும் நெருங்கி உட்கார்ந்தன, குமிழ்த் தட்டு மணிக்கட்டின் அடியில் வந்து அழுத்தியது. மணிக்கட்டை அதிகம் மடக்க விடாமல், தோளிலிருந்து இழுத்து அறுக்கும் வெட்டுக்கு அது கையைத் தானே வழிநடத்துகிறது. பழைய பிடிகள் சிறியவை என்பதால் அந்தக் காலத்து மனிதர்கள் சிறியவர்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த வாளைப் பிடித்துப் பார்த்த பிறகு அதை நான் ஏற்கமாட்டேன். வேண்டுமென்றே நெருக்கமாகச் செய்திருக்கிறார்கள். பெரிய கைக்கென்று பிடியை நீட்டி விற்பவர்கள் வாளையே மாற்றிவிடுகிறார்கள்.

கை மறைப்புத் தகட்டை 1.6 மி.மீ. இரும்பில், மரக்குழியில் வைத்து மாமா அடித்துக் கொடுத்தார். ஓரத்தில் துளைவேலை செய்தது நான். விரல் பட்டையின் முடிவில் ஒரு யாளி முகம் அரத்தால் வடித்திருக்கிறேன். கண் இன்னும் சரியாக வரவில்லை.

இப்போதைய நிலை: கை மறைப்புக்குள் வைக்கும் உள்மெத்தை இல்லாமல் 1.13 கிலோ. சமநிலைப் புள்ளி கை மறைப்பிலிருந்து 13 செ.மீ. தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டு ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் சேகரிப்புக்கும் காட்சிக்கும் சமயச் சடங்குக்கும் இடம் தருகிறது. ஆனாலும் விளிம்பைக் கூராக்கவில்லை; வெளியே எடுத்துப் போனால் பூட்டிய பெட்டியில்தான்.

பட்டறை நடத்துபவர் யாரேனும் இதைச் செய்ய முன்வந்தால் என் அளவுத்தாள் முழுவதையும் இலவசமாகத் தருகிறேன். பூவேலை வேண்டாம், பொன் பூச்சு வேண்டாம். 5.1, 3.4, 1.9 என்ற தடிப்பும், 7.4 செ.மீ. பிடியும், தறைந்த நாக்குகளும் இருந்தால் போதும். முதல் வாளுக்கு முன்பணம் நானே கட்டுகிறேன்.

இனி உள்மெத்தை. பஞ்சு வைத்துச் சிவப்புத் துணியில் தைக்க வேண்டும். என் மனைவி துணியை நறுக்கி வைத்துவிட்டார். அதற்கு முன் யாளியின் இடக்கண்ணை இன்னொரு முறை திருத்தப் போகிறேன்.