"கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பது ஒப்படைப்பு ஆகாது

"இந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று நம் குழுவில் ஒருவரிடம் சொல்லிவிட்டு நகர்கிறோம். பிழை திருத்துவதா, எண்களைச் சரிபார்ப்பதா, புதிதாகவே எழுதுவதா? கேட்கத் தயங்கி, அவராக ஒன்றை ஊகித்துச் செய்வார். இரண்டு நாள் வீண்.

வேலையைக் கொடுக்கும்போது நான்கு விஷயம் சொல்லியாக வேண்டும்: முடிந்த வேலை எப்படி இருக்கணும், எந்த நாள் எத்தனை மணிக்குள், எதையெல்லாம் அவரே முடிவு செய்யலாம், எதற்கு உங்களிடம் வரணும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் சின்னச் சின்ன முடிவுக்கெல்லாம் உங்கள் மேஜை முன்னால் வரிசை நிற்கும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. புரியாவிட்டாலும் தலையாட்டத்தான் செய்வார்கள். "முதல்ல எதுல ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். எதைத் தவறாக எடுத்துக்கொண்டார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஐந்து நாள் வேலை என்றால் முதல் நாள் மாலையே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அரைகுறையாக இருக்கட்டும். அன்றைக்கே திசை தப்பியது தெரிந்தால் திருத்திவிடலாம். நான்காம் நாள் தெரிந்தால் முதலிலிருந்துதான். குறை கண்டதும் பிடுங்கி நீங்களே முடித்துக் கொடுத்தால், அடுத்த முறையும் அதே இடத்தில் அதே குறையோடுதான் வரும். இடத்தைக் காட்டுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், திருத்தம் அவர் கையாலேயே நடக்கட்டும்.