பேக்கப் எந்த இடத்தில் நின்றது?

காலையில் வந்த பேக்கப் ரிப்போர்ட் மெயிலில் ஒரு வெர்ச்சுவல் மெஷின் (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டர்) சிவப்பாக இருந்தால், கை நேராக 'ரீட்ரை' பட்டனுக்குத்தான் போகும். பத்து நிமிடம் பொறுங்கள். மறுபடி ஓடவிட்டால் விண்டோஸின் விஎஸ்எஸ் ரைட்டர்களுடைய (பேக்கப்புக்காக ஒவ்வொரு அப்ளிகேஷனையும் தயார்படுத்தும் பகுதிகள்) நிலை மாறிவிடும். ராத்திரி எது தவறியது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். டிஸ்க்கை அந்த நொடி நிலையில் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் நீக்கப்படாமல் பாதியில் நின்றிருந்தால் அதன் தலையில் இன்னொன்று ஏறி உட்காரும்.

வெர்ச்சுவல் மெஷின் பேக்கப் ஒரே வேலை இல்லை. உள்ளே ஓடும் அப்ளிகேஷன்களைக் கொஞ்ச நேரம் எழுதாமல் நிறுத்திவைக்க வேண்டும், ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும், டிஸ்க்கைப் படிக்க வேண்டும், சேமிப்பிடத்தில் எழுத வேண்டும், கடைசியில் ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டும். அதனால் எர்ரர் வரியைப் படிக்கும் முன்பே, ஜாப் எத்தனையாவது நிமிடத்தில் விழுந்தது என்று பாருங்கள். ஒரு பைட்கூட நகராமல் முதல் சில நிமிடங்களிலேயே விழுந்தால் பெரும்பாலும் கோளாறு மெஷினுக்கு உள்ளே. நடுவில் நின்றால் நெட்வொர்க் அல்லது ஸ்டோரேஜ். 99 சதவிகிதத்தில் தொங்கினால் ஸ்னாப்ஷாட் நீக்கம்.

மெஷினுக்கு உள்ளே என்றால், விண்டோஸில் அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' கொடுங்கள். எல்லா ரைட்டரும் 'ஸ்டேபிள்', 'நோ எர்ரர்' என்று இருக்க வேண்டும். பேக்கப் எதுவும் ஓடாத நேரத்திலும் ஒரு ரைட்டர் 'வெயிட்டிங் ஃபார் கம்ப்ளீஷன்' என்று நின்றாலோ, 'ஃபெயில்ட்', 'டைம்ட் அவுட்' என்று காட்டினாலோ அதுதான் ஆள். ஒவ்வொரு ரைட்டருக்கும் பின்னால் ஒரு சர்வீஸ் உண்டு. டபிள்யூஎம்ஐ ரைட்டருக்கு விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். சிஸ்டம் ரைட்டருக்கு கிரிப்டோகிராஃபிக் சர்வீஸஸ். எஸ்க்யூஎல் ரைட்டருக்கு எஸ்க்யூஎல் சர்வர் விஎஸ்எஸ் ரைட்டர். இந்தக் கடைசி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் டேட்டாபேஸ் நிற்காது. வேலை நேரத்திலும் செய்யலாம். முழு சர்வரையும் ரீபூட் செய்தாலும் ரைட்டர் சரியாகிவிடும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அதே சிவப்பு வரும்.

காரணம் பெரும்பாலும் நேரம்தான். விஎஸ்எஸ் கணக்கில் அப்ளிகேஷன்கள் உறைந்து நிற்க அதிகபட்சம் 60 நொடி. அதற்குள் வால்யூமில் எழுதுவதை நிறுத்திப் பிடித்து ஷேடோ காப்பியை (விண்டோஸின் சொந்த ஸ்னாப்ஷாட்) உருவாக்க வெறும் 10 நொடி. எர்ரர் எண்ணின் வால் 80042313 அல்லது 80042314 என்று முடிந்தால், டிஸ்க்கால் அந்த அவகாசத்துக்குள் முடிக்க முடியவில்லை என்று அர்த்தம். சாஃப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரவு 10 மணிக்கு என்னென்ன ஓடுகிறது என்று எழுதிப் பாருங்கள். ஆன்டிவைரஸ் ஃபுல் ஸ்கேன், இன்டெக்ஸ் ரீபில்ட் (டேட்டாபேஸின் தேடல் அட்டவணைகளைப் புதிதாகக் கட்டுவது), எட்டு மெஷின்களின் பேக்கப் எல்லாம் அதே பத்து மணிக்கு. கத்திப்பாரா சந்திப்பில் சாயங்காலம் நிற்பது போலத்தான் அந்த ஸ்டோரேஜ் நிற்கும். இன்டெக்ஸ் வேலையை நள்ளிரவுக்கு மேல் தள்ளுங்கள், பேக்கப்பில் ஒரே சமயம் இரண்டு மெஷினுக்கு மேல் ஓடாமல் வரம்பு வையுங்கள். டைம்அவுட்டுகளில் பெரும்பகுதி இதிலேயே அடங்கும்.

எஸ்க்யூஎல் ரைட்டர் பட்டியலிலேயே இல்லையா? சர்வீஸ் ஓடியும் பெயர் வரவில்லை என்றால், டேட்டாபேஸ் பெயர்களின் கடைசியில் ஸ்பேஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். யாரோ புதிய டேட்டாபேஸ் உருவாக்கும்போது பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பார்கள். அந்த ஒரு வெற்றிடம் முழு ரைட்டரையும் மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது; பெயரின் இரு பக்கமும் ஒரு குறி சேர்த்து அச்சிட்டால்தான் பிடிபடும். பெயரை மாற்றியதும் ரைட்டர் திரும்பி வரும். 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ப்ரொவைடர்ஸ்' கொடுத்தும் ஒருமுறை பாருங்கள்; ஷேடோ காப்பியை எடுத்துத்தரும் பகுதிகளின் பட்டியல் அது. எப்போதோ நீக்கிய பழைய பேக்கப் சாஃப்ட்வேரின் ப்ரொவைடர் அங்கே ஒட்டிக்கொண்டு புதியதற்கு முட்டுக்கட்டை போடும்.

லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் ஓடினால் ஸ்னாப்ஷாட்டுக்கு முன் ஓடும் ப்ரீ-ஃப்ரீஸ் ஸ்கிரிப்டைத் திறந்து படியுங்கள். டேபிள்களுக்கு ரீட் லாக் போடும் கட்டளையை ஒற்றை வரியாக எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரி முடிந்ததும் செஷன் மூடும். மூடிய நொடியே லாக்கும் விடுபடும். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது பூட்டே இல்லை! ஸ்னாப்ஷாட் முடியும்வரை செஷனைப் பின்னணியில் திறந்தே வைத்திருக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற வெர்ச்சுவல் மெஷின் தளத்தில் பேக்கப் நடுவில் அறுந்து மெஷின் 'லாக்ட்' என்று நின்றால் 'க்யூஎம் அன்லாக்' கட்டளையோடு மெஷின் எண்ணைக் கொடுத்தால் போதும்; ஆனால் பேக்கப் ப்ராசஸ் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நடுவில் நிற்கும் ஜாப்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விஎம்வேர் தளத்தில் பேக்கப் சர்வரிலிருந்து ஹோஸ்டின் (வெர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வர்) 902 போர்ட் திறந்திருக்கிறதா, ஹோஸ்டின் முழுப்பெயர் சரியான ஐபிக்குப் போகிறதா, சேமிப்பிடத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தினம் 20 ஜிபி வரும் இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) திங்கட்கிழமை மட்டும் 200 ஜிபி வந்தால், ஞாயிறு இரவு இன்டெக்ஸ் ரீபில்ட் பிளாக்குகளையெல்லாம் மாற்றி எழுதியிருக்கிறது. நாஸில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) போடும் டிஸ்க்கை ரிச்சி தெருவில் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். மாடல் எண்ணை வைத்து சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் பழைய டேட்டாவை மாற்றி எழுதும் வேலை திணறும். இருக்கும் பேக்கப்புகளை இணைத்து ஒரு முழு பேக்கப்பாக (சிந்தெடிக் ஃபுல்) சேர்க்கும் இரவில்தான் அது வெளியே தெரியும். மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நிறுத்தம் பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். விடிந்தும் முடியாத ஜாப் அதில் மாட்டும். சர்வர் யுபிஎஸ்ஸில், நாஸ் சாதாரண பிளக்கில் என்ற ஏற்பாடு இருந்தால் இன்றே மாற்றுங்கள். நாஸுக்கு நிலையான ஐபி கொடுங்கள்; கரண்ட் வந்தபின் வேறு ஐபியில் எழுந்தால் அன்றிரவு எல்லா ஜாப்பும் சிவப்பு.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது கடைசிக் கட்டம்தான். பேக்கப் முடிந்து ஸ்னாப்ஷாட் நீங்காமல் நின்றால் ரிப்போர்ட்டில் மஞ்சள் எச்சரிக்கைதான் வரும். யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அதற்குள் புதிதாக எழுதுவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் டெல்டா ஃபைல் வளர்ந்து, மெஷின்களின் டிஸ்க் ஃபைல்கள் இருக்கும் டேட்டாஸ்டோரை நிரப்பும். நிரம்பினால் அதில் மேலும் இடம் தேவைப்படும் மெஷின்கள் நின்றுபோகும். ஸ்னாப்ஷாட் மேனேஜர் காலியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். மெஷினின் செட்டிங்ஸில் ஹார்ட் டிஸ்க் ஃபைலின் பெயரைப் பாருங்கள். பெயர் 000001 போன்ற ஆறு இலக்க எண்ணோடு முடிந்தால் அது இன்னும் ஸ்னாப்ஷாட்டின் மேல்தான் ஓடுகிறது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் இதே வேலையை ஏவிஹெச்டிஎக்ஸ் ஃபைல் காட்டிக்கொடுக்கும்.

ஏன் நீங்கவில்லை? டிஸ்க்கைப் படித்து அனுப்பும் பேக்கப் ப்ராக்ஸியே ஒரு வெர்ச்சுவல் மெஷினாக இருந்தால் அதன் செட்டிங்ஸைத் திறங்கள். ப்ராக்ஸிக்குச் சொந்தமான டிஸ்க் இரண்டு என்றால் அங்கே மூன்றாவதாக அடுத்த மெஷினின் டிஸ்க் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பூட்டு. கழற்றும்போது ஒரு டிக் பாக்ஸ் வரும்: டேட்டாஸ்டோரிலிருந்து ஃபைலையும் அழிக்கவா என்று. அதைத் தொடவே தொடாதீர்கள். தொட்டால் போவது ப்ராக்ஸியின் டிஸ்க் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் அடிப்படை டிஸ்க். டிக் இல்லாமல் கழற்றிவிட்டு, டேட்டாஸ்டோரில் போதிய காலி இடம் இருப்பதை உறுதி செய்துகொண்டு 'கன்சாலிடேட்' (டெல்டாவை அடிப்படை டிஸ்க்கோடு இணைப்பது) கொடுங்கள். 150, 200 ஜிபி டெல்டா என்றால் மணிக்கணக்கில் ஓடும். சதவிகிதம் நகரவில்லை என்று கேன்சல் செய்யாதீர்கள். டெல்டா ஃபைலைக் கையால் அழிப்பது இன்னும் கொடுமை. ஸ்னாப்ஷாட் எடுத்த நாளிலிருந்து எழுதிய அத்தனையும் அதில்தான் இருக்கிறது.

பச்சையாக முடிந்த பேக்கப்பையும் ஒரு விஷயத்தில் சோதிக்க வேண்டும். மாறிய பிளாக்குகளைக் குறித்துவைக்கும் சிபிடி தவறினால் ஜாப் எந்தப் புகாரும் சொல்லாது. விஎம்வேரின் பழைய இஎஸ்எக்ஸ்ஐ 4, 5 வரிசைகளில் டிஸ்க்கை 128 ஜிபி எல்லைக்கு மேல் பெரிதாக்கினால் சிபிடி தவறான பட்டியல் தரும் பிழை இருந்தது. அப்போது எடுத்த இன்கிரிமென்டல்கள் பச்சையாகவே முடிந்தன. டிஸ்க்கைப் பெரிதாக்கினாலோ, கரண்ட் போய் ஹோஸ்ட் விழுந்தாலோ, அன்றிரவு சிபிடியை நம்பாமல் ஆக்டிவ் ஃபுல் (டிஸ்க் முழுவதையும் புதிதாகப் படிக்கும் பேக்கப்) எடுங்கள். சந்தேகம் வலுத்தால், ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லாமல் மெஷினை அணைத்து, சிபிடி அமைப்பை ஃபால்ஸ் ஆக்கி, சிடிகே என்று முடியும் ஃபைல்களை நீக்கிவிட்டு மெஷினை மீண்டும் இயக்குங்கள். பிறகு அந்த ஃபுல்லிலிருந்து ஒரு மெஷினை நெட்வொர்க் கார்டு துண்டித்த நிலையில் ரீஸ்டோர் செய்து பூட் பண்ணுங்கள். லாகின் திரை வந்ததோடு விட்டுவிடாமல் உள்ளே போய் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் 'டிபிசிசி செக்டிபி' ஓட்டுங்கள். ரீஸ்டோருக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் எழுதி வையுங்கள். முதலாளி ஒருநாள் போன் செய்து முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.