கொம்புக்கு விட்ட இடம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக 14 ஆண்டுகள் கடமையாற்றிய பின்னரே, கற்றல் இடர்பாடுள்ள மாணவரை இனங்கண்டு தனியே கற்பிப்பதற்கான பயிற்சியில் சேர்ந்தேன். ஆறு மாதங்கள் சனிக்கிழமைதோறும் பம்பலப்பிட்டியில் வகுப்பு நடந்தது. அதன்பின் ஒரு பிள்ளையை மதிப்பிட்டு, 20 மணித்தியாலங்கள் கற்பித்து, அறிக்கை ஒப்படைக்க வேண்டும். வரைவிலக்கணங்களைப் பாடமாக்கிச் சித்தியடைந்துவிட்டேன், தடுமாறியது மதிப்பீட்டில்தான்.

எங்களுக்குக் கிடைத்த பரிசோதனைத் தாள்கள் ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளுக்காக ஆக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றை அப்படியே தமிழாக்கி, "'கடல்' என்பதில் 'க்' என்ற ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சரளமாக வாசிக்கும் பிள்ளைகளே "டல்" என்றார்கள். அவர்கள் காதுக்குக் 'க' ஒரே துண்டு. அதைக் 'க்' என்றும் 'அ' என்றும் பிரிப்பது பின்னர் இலக்கணப் பாடத்தில் வருவது. கேள்வியை அசைகளுக்கு மாற்றிய பிறகுதான் உண்மையில் திணறுபவர் யார் என்பது தெரிந்தது.

நான் தெரிவு செய்தது தரம் 4 மாணவன் ஒருவனை. கண்ணையும் காதையும் சோதிக்காமல் பிள்ளைமீது வேறெந்தப் பெயரையும் ஒட்டக்கூடாது என்பது பயிற்சியின் முதல் விதி. இரண்டிலும் அவனுக்குக் குறையில்லை. "கதைக்கச் சொன்னால் நாள் முழுக்கக் கதைப்பான் டீச்சர், கொப்பியைக் கண்டால்தான் வயிற்றுவலி" என்றார் தாயார்.

சொல்வதெழுதலில் 30 சொற்களில் 19 பிழை. "கவனக்குறைவு, அலங்கோலமான எழுத்து" என்று எழுதிக் கொடுத்த என் முதல் அறிக்கை திரும்பி வந்தது. எத்தனை பிழை என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, என்ன பிழை என்று எழுதவில்லையே என்று மேற்பார்வையாளர் கேட்டார். ன, ண மாறியவற்றையும் தனியே பிரிக்கச் சொன்னார். எங்கள் பேச்சில் அந்த வேறுபாடு காதில் விழாததால் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இரண்டாம் முறை தாளைப் பாராமல் அவன் கையைப் பார்த்தேன். 'மேசை' என்றதும் கோட்டோரம் ஒட்டி 'ம' எழுதினான்; பிறகு திரும்பி வந்து, இல்லாத இடத்தில் இரட்டைக்கொம்பை (ே) நெருக்கித் திணித்தான். அடுத்து 'ச' எழுதி, அதன் முன்னே இடம் தேடிக் காணாமல், ஐகாரக் குறியைப் பின்னால் போட்டான். காதில் எந்த ஒழுங்கில் விழுந்ததோ அதே ஒழுங்கில் எழுதியிருக்கிறான். பிந்தி ஒலிப்பதை முந்தி எழுதச் சொல்வது நம் எழுத்து முறைதான் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அதற்காக ஓர் ஆண்டு முழுவதும் புள்ளி குறைத்திருக்கிறேன்.

அவனுடைய சிக்கல் அது மட்டுமன்று. குறில் நெடில் குழம்பின, தெரிந்த படங்களுக்கும் பெயர் சொல்லத் தாமதித்தான். எனவே எழுத்துக்குப் பின்னால் வரும் அரவும் (ா) விசிறியும் (ி) உள்ள சொற்களில் தொடங்கி, கொம்பைக் கடைசிக்கு வைத்தேன். வெள்ளவத்தைக் கடற்கரை மணலை ஒரு தட்டில் நனைத்துப் பரப்பி, "கொம்பு, மானா" என்று உரக்கச் சொல்லியபடியே விரலால் எழுதச் செய்தேன். கண், காது, கை மூன்றையும் சேர்த்து எழுத்தறிவிக்கும் இந்த வழியை 1930களில் அமெரிக்காவில் மருத்துவர் ஓர்ட்டனும் கல்வியாளர் கில்லிங்ஹாமும் முறைப்படுத்தினார்கள்; நாமோ விஜயதசமியன்று அரிசியில் ஒருமுறை எழுதுவித்துவிட்டு, மறுநாளே கொப்பியைக் கொடுத்துவிடுகிறோம்.

முதல் 12 மணித்தியாலங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். முடிவில் அதே 30 சொற்களில் 11 பிழை, அவற்றில் கொம்புப் பிழை இரண்டு. டிஸ்லெக்ஸியா (வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் இடர்பாடு) என்று எழுத எங்களுக்கு அதிகாரமில்லை. அறிகுறிகளை வரிசைப்படுத்தி, உளவியலாளரிடம் காட்டுமாறு பரிந்துரைத்தேன். அடுத்த ஆண்டு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவானா என்று தாயார் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்போது அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டே தொடங்குகிறான், 'அம்மா'வுக்கும்கூட.