பதினோராவது டோஸ்

2021 மார்ச்சில் 45 முதல் 59 வயதுவரை உள்ளவர்கள் கோவிட் தடுப்பூசி போட இணைநோய் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டியிருந்தது. பட்டியலில் 20 நோய்கள். அதில் உடல் பருமனும் இல்லை, சத்துக்குறைவும் இல்லை. கேரளத்தின் பீருமேடு தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நான் தினமும் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

கோவிஷீல்ட் தடுப்பூசிக் குப்பியில் 10 டோஸ் என்று போட்டிருந்தது. கவனமாக எடுத்தால் 11 வந்தது. திறந்த குப்பியை 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. மார்ச் கடைசியில் ஒரு மாலை அந்தப் பதினோராவது மிச்சம் இருந்தது. எதிரில் கொழுந்து எடுக்கும் அக்கா. வயது 47, எடை 36 கிலோ.

"குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் ஆபத்துன்னு சொல்றாங்க சிஸ்டர். என்னைப் பார்த்தா நல்லா இருக்கிற மாதிரியா தெரியுது?"

"ஏப்ரல் 1லேருந்து 45 தாண்டின எல்லாருக்கும் உண்டுக்கா. ஒரு வாரம் பொறுங்க" என்றேன். அடுத்த லயத்திலிருந்து எழுபதைத் தாண்டிய தாத்தா ஒருவரைக் கூப்பிட்டுப் போட்டேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

சரியாகத்தான் செய்தேன். கோவிட்டில் வயதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. அன்றைய விதியும் அதுதான். ஆனால் அவர் கேட்டதும் நியாயம்தானே? பருமனானவருக்கு வயிற்றுக் கொழுப்பு நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் முழுசாக விரியாது. இதை எல்லோரும் பேசினோம். கட்டன் சாயாவிலும் ரேஷன் கஞ்சியிலும் காலம் தள்ளுகிற உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு, சளியை இருமித் தள்ளக்கூடத் தசை போதாது. இதை யாரும் பேசவில்லை. 1918 ஃப்ளூ நம் நாட்டில் மழை பொய்த்த வருஷத்தில்தான் அத்தனை பேரைக் கொண்டுபோனது.

ஏப்ரலில் அவர் வரவில்லை. லீவு போட்டால் அன்றைய கூலி போகும். ஆனால் மார்ச்சில் அந்த மாலை அவர் வேலை முடிந்து முகாமுக்கே வந்திருந்தார்.

மே தொடக்கத்தில், கேரளம் பெற்றது 73.38 லட்சம் டோஸ், போட்டது 74.26 லட்சம் என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். எங்கள் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான்.

மே நடுவில் அக்காவுக்குக் காய்ச்சல், அப்புறம் ஆக்சிஜன். பிழைத்துவிட்டார். இப்போது கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற முடிவதில்லை.

ஒரு டோஸ் போட்டிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் முதல் டோஸ் ஓரளவு வேலை செய்ய மூன்று வாரம் போதும். மார்ச் கடைசிக்கும் மே நடுவுக்கும் இடையில் அதைப்போல இரண்டு மடங்கு நாள் இருந்தது.